கடைசிப் பக்கத்தை எடுத்து வையுங்கள், அண்ணாச்சி

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருப்பது, சுருக்கமாக:

"மூன்று தலைமுறையாக நிலாவாரை இலை வியாபாரம். எங்கள் ஊரில் அவுரி இலை என்றால்தான் தெரியும். ஹாம்பர்க்கில் இருக்கும் ஒரு வியாபாரிக்குத் தூத்துக்குடியிலிருந்து மூன்று கண்டெய்னர் அனுப்பினேன். விலை சி.ஐ.எஃப். ஹாம்பர்க் (சரக்கு விலையோடு இன்சூரன்ஸும் கப்பல் கூலியும் சேர்த்து), மொத்தம் 63,000 யூரோ. முன்பணம் 21,000 வந்தது. சரக்கு சேர்ந்து 45 நாளில் மீதி என்று பேச்சு. கப்பல் போய்ச் சேர்ந்து பதினோரு வாரம் கழித்து, 'சென்னோசைடு (இலையில் உள்ள மருந்துச் சத்து) 2.5 சதவீதம் இருக்க வேண்டும், 2.1 தான் இருக்கிறது, மீதிப் பணம் கிடையாது' என்று மெயில் போட்டார். ஏற்றுவதற்கு முன் இங்கே எடுத்த ஆய்வுச் சீட்டில் 2.6 இருக்கிறது. சரக்கைத் திருப்பியும் அனுப்பவில்லை, விற்றுவிட்டார் என்றே கேள்வி. தூத்துக்குடி கோர்ட்டில் கேஸ் போடலாமா? மச்சினன் போலீசில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்கிறான். ஒப்பந்தத்தில் மத்தியஸ்தம், சிங்கப்பூர் என்று ஏதோ இருக்கிறது. பக்கத்தை இணைத்திருக்கிறேன். வக்கீலம்மா, வழி சொல்லுங்கள்."

அண்ணாச்சி, ஒன்பது மாதமாக நாற்பது லட்சம் ரூபாய் வெளியே நிற்கிறது, இலை கொடுத்த சம்சாரிகளுக்கு நீங்கள் கைக்காசு போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தின் நடுவில் ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் மற்றக் கடிதங்களை ஒதுக்கி வைத்து இதை முதலில் எடுத்தேன். நீங்கள் பயப்படும் அளவுக்கு நிலைமை மோசமில்லை. "ஏதோ இருக்கிறது" என்று நீங்கள் எழுதிய அந்தக் கடைசிப் பக்கம்தான் உங்கள் கையிலிருக்கும் நல்ல சீட்டு.

முதலில் செய்யக் கூடாதவை. போலீஸ் வேண்டாம். சரக்கின் தரம் பற்றிய தகராறு மோசடி ஆகாது. புகார் கொடுத்தால் அதை எடுக்க மாட்டார்கள், எடுத்தாலும் ஹாம்பர்க்கில் இருப்பவரை அது ஒன்றும் செய்யாது. நாளைக்குப் பேச்சுவார்த்தையில் உட்காரும்போது "என்னைக் குற்றவாளி என்றவர்தானே" என்று அவர் முறுக்கிக்கொள்ளத்தான் உதவும்.

தூத்துக்குடி கோர்ட்டும் வேண்டாம். ஏன் என்பதற்கு என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஏற்றுமதியாளருக்காக வெளிநாட்டுக் கொள்முதல்காரர் மேல் இங்கேயே வழக்குப் போட்டோம். எதிராளி வரவேயில்லை. எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் இல்லாமலே, பணம் கட்டச் சொல்லி டிக்ரி கிடைத்தது. அன்றைக்கு எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார் அவர். அப்புறம் அந்த டிக்ரியை எடுத்துக்கொண்டு போய் எங்கே பணம் வசூலிப்பது? எதிராளிக்கு இந்தியாவில் ஒரு சல்லிக்காசு சொத்து கிடையாது. அந்தக் காகிதம் இன்றைக்கும் அவருடைய பீரோவில்தான் இருக்கிறது. வழக்கில் ஜெயிப்பது வேறு, பணம் வாங்குவது வேறு என்பதை அந்த வழக்கில்தான் நான் கற்றேன். அவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்பது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

உங்கள் விஷயத்திலும் அதேதான் நடக்கும். ஒரு நாட்டு கோர்ட்டின் டிக்ரியை இன்னொரு நாட்டில் நேரடியாக நிறைவேற்ற, இரு நாட்டுக்கும் இடையே பரஸ்பர ஏற்பாடு வேண்டும். நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ் இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா போன்ற சில நாடுகளோடு அது இருக்கிறது. ஜெர்மனியோடு இல்லை. போதாததற்கு, உங்கள் ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பதால், எதிராளி வந்து அந்தப் பக்கத்தைக் காட்டினாலே போதும். நம் 1996-ஆம் ஆண்டு நடுவர் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி கோர்ட் உங்களை நடுவரிடம்தான் அனுப்பும். ஒரு வருடமும் வக்கீல் ஃபீஸும் போனதுதான் மிச்சம்.

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருவோம். அதில் இருப்பதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தகராறு வந்தால் முதலில் இருதரப்பும் மத்தியஸ்தத்துக்கு உட்கார வேண்டும். ஒரு தரப்பு எழுத்தில் அழைத்து 30 நாளில் முடிவு வராவிட்டால், சிங்கப்பூர் சர்வதேச நடுவர் மையத்தின் விதிகளின்படி சிங்கப்பூரில் நடுவர் தீர்ப்பு. ஒப்பந்தத்துக்கு ஜெர்மன் சட்டம்.

மத்தியஸ்தர், நடுவர் இரண்டும் ஒன்று என்று பலரும் நினைக்கிறார்கள். நம் பக்கத்து வியாபாரிகளுக்கு இதை விளக்குவது சுலபம். பஜாரில் இரண்டு கடைக்காரருக்குள் கணக்கு வழக்கு என்றால், இருவருக்கும் வேண்டிய ஒரு பெரியவர் இவரிடம் ஒரு தடவை, அவரிடம் ஒரு தடவை தனியாகப் பேசி, "நீ இவ்வளவு விட்டுக் கொடு, நீ இன்னைக்கே இவ்வளவு கட்டு" என்று இழுத்துப் பிடித்து ஒரு இடத்துக்குக் கொண்டுவருவார் இல்லையா, அவர் மத்தியஸ்தர். அவர் சொன்னதற்காக யாரும் கட்டுப்பட வேண்டியதில்லை. இருவரும் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. நடுவர் அப்படியில்லை. இருதரப்பும் சேர்ந்து, அல்லது இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு மையம், அமர்த்தும் தனியார் நீதிபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம் பார்ப்பார், சாட்சி கேட்பார், தீர்ப்பு எழுதுவார். அது பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் கட்டுப்பட வேண்டும். அப்பீல் என்று அடுத்தடுத்து ஏறிக்கொண்டே போக முடியாது.

அந்தத் தீர்ப்புக்கு எங்கிருந்து பலம் வருகிறது என்றால், 1958-இல் உருவான நியூயார்க் உடன்படிக்கையிலிருந்து. 170-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா 1960-இல் சேர்ந்தது, ஜெர்மனி அடுத்த ஆண்டு. சிங்கப்பூரும் இருக்கிறது. ஒரு உறுப்பு நாட்டில் எழுதிய நடுவர் தீர்ப்பை இன்னொரு உறுப்பு நாட்டு கோர்ட் ஏற்று நிறைவேற்ற வேண்டும். நோட்டீஸே தரவில்லை, நடுவர் தன் அதிகாரத்தை மீறினார், பொதுக் கொள்கைக்கு விரோதம் என்பது போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம். "நடுவர் தப்பாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. அதாவது, தூத்துக்குடி டிக்ரியால் செய்ய முடியாததைச் சிங்கப்பூர் நடுவரின் தீர்ப்பு செய்யும். அதைக் கொண்டுபோய் ஹாம்பர்க்கில் அவருடைய வங்கிக் கணக்கில் கை வைக்கலாம். இது அவருடைய வக்கீலுக்கும் தெரியும்.

சரி, உடனே சிங்கப்பூர் மையத்தில் மனுப் போட்டுவிடலாமா? கூடாது. மத்தியஸ்தத்துக்கு அழைத்து 30 நாள் காத்திருக்க வேண்டும் என்பது அலங்காரத்துக்கு எழுதிய வரி இல்லை. இப்படிப்பட்ட முன்படிகளை ஒழுங்காக முடிக்காமல் நடுவரிடம் போன ஒரு வழக்கில், நடுவருக்கு அதை விசாரிக்கும் அதிகாரமே வரவில்லை என்று சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013-இல் சொல்லிவிட்டது. நீங்கள் இதுவரை எழுதிய பதினேழு மெயிலில் "பணம் அனுப்புங்கள்" என்று இருக்கிறது, சிலவற்றில் கோபமும் இருக்கிறது. "ஒப்பந்தத்தின் இந்தப் பிரிவின்படி உங்களை மத்தியஸ்தத்துக்கு அழைக்கிறேன்" என்று ஒன்றில்கூட இல்லை. ஆகவே முதல் வேலை, அந்த அழைப்பை ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்குக் கூரியரிலும் மெயிலிலும் அனுப்புவது. தேதி முக்கியம். அன்றிலிருந்துதான் 30 நாள்.

இதைக் கடமைக்குச் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்கள் காகிதங்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்ததில், இது மத்தியஸ்தத்துக்கு என்றே வந்த வழக்கு என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் அந்த இரண்டு ஆய்வுச் சீட்டுகள். இங்கே எடுத்த சீட்டில் நிறமானி முறை என்று சின்ன எழுத்தில் இருக்கிறது. அவர் அனுப்பியதில் எச்.பி.எல்.சி. முறை. இரண்டும் ஒரே பொருளை ஒரே மாதிரி அளப்பவை இல்லை. முதல் முறை அந்த வகையைச் சேர்ந்த எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் பண்ணி ஒரு எண்ணைச் சொல்லும். இரண்டாவது சென்னோசைடு ஏ, பி என்று பிரித்து அவற்றை மட்டும் அளக்கும். ஒரே மூட்டையிலிருந்து எடுத்த இலைக்கே இரண்டு முறையிலும் வேறு வேறு எண் வரும், பெரும்பாலும் இரண்டாவதில் குறைவாக. ஒப்பந்தத்தில் "2.5 சதவீதம்" என்று இருக்கிறதே தவிர, எந்த முறையில் என்று எழுதவில்லை. ஆக, நீங்களும் பொய் சொல்லவில்லை, அவரும் பொய் சொல்லாமல் இருக்கலாம். நடுவரிடம் போனால் இருதரப்பும் ஆளுக்கொரு நிபுணரைக் கொண்டுவந்து மாதக்கணக்கில் வாதாட வேண்டிய இந்த விஷயத்தை, விவரம் தெரிந்த ஒரு மத்தியஸ்தர் ஒரு பகலில் இருவருக்கும் புரிய வைத்துவிடுவார். மூலிகை, மருந்துச் சரக்கு வியாபாரம் தெரிந்தவராகப் பார்த்துக் கேளுங்கள்.

மத்தியஸ்தத்தில் உட்காரும்போது வெறும் நியாயம் மட்டும் பேசாமல், சட்டத்தையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். "ஜெர்மன் சட்டம் என்று போட்டுவிட்டார்களே, மாட்டிக்கொண்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணாச்சி, அது உங்களுக்கு நல்லதாகத்தான் வாய்த்திருக்கிறது. சர்வதேசச் சரக்கு விற்பனைக்கு என்றே ஐ.நா. 1980-இல் கொண்டுவந்த ஓர் உடன்படிக்கை இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. ஜெர்மனி சேர்ந்திருக்கிறது. ஜெர்மன் சட்டம் என்று எழுதி, அந்த உடன்படிக்கை வேண்டாம் என்று தனியாக விலக்காதவரை, அதுவும் சேர்ந்தே வரும். உங்கள் பக்கத்தில் விலக்கவில்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

அதில் உங்களுக்கு உதவும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. சரக்கு வந்ததும் சூழ்நிலை அனுமதிக்கும் குறுகிய காலத்துக்குள் வாங்கியவர் அதைச் சோதிக்க வேண்டும். குறை இருந்தால், தெரிந்த அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து நியாயமான காலத்துக்குள், என்ன குறை என்று தெளிவாக விற்றவருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறையைக் காட்டிப் பேசும் உரிமையே பொதுவாகப் போய்விடும். நியாயமான காலம் எவ்வளவு என்பதற்கு நாள் குறிக்கவில்லை, ஆனால் ஜெர்மன் நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் கறார். குறை சொல்ல ஏறத்தாழ ஒரு மாதம் என்ற கணக்கைத்தான் ஒட்டிப் போயிருக்கின்றன. உங்கள் ஆள் பதினோரு வாரம் எடுத்திருக்கிறார். அவருடைய ஆய்வுச் சீட்டின் தேதியைப் பாருங்கள், கப்பல் சேர்ந்த நான்காவது வாரம். ஏழு வாரம் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். இந்த ஒன்றை மத்தியஸ்தரிடம் அமைதியாக எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, சி.ஐ.எஃப். ஹாம்பர்க் என்பதால் ஹாம்பர்க்கில் இறங்கும்வரை எல்லாம் உங்கள் பொறுப்பு என்று நினைத்திருக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் நீங்கள் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான். சரக்குக் கெடும் அபாயம், தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலில் ஏற்றிய கணத்திலேயே அவர் தலைக்குப் போய்விட்டது. ஏற்றும்போது சரக்கு எப்படி இருந்தது என்பதுதான் கேள்வி. வழியில் கண்டெய்னருக்குள் வேர்த்து இலை கெட்டிருந்தால் அது அவருக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் உள்ள பாடு. ஆனால் ஏற்றும்போதே இலை ஈரமாக இருந்தது என்று அவர் சொல்லலாம். அதனால் ஈரப்பதம் பார்த்த சீட்டு இருந்தால் தேடி எடுங்கள்.

மூன்றாவது, அவர் சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், சரக்கை வைத்துக்கொண்டவர் விலையைக் குறைக்கலாம், தராமலே இருக்க முடியாது. சரியான சரக்குக்கு உள்ள மதிப்புக்கும் வந்த சரக்குக்கு உள்ள மதிப்புக்கும் என்ன விகிதமோ, அந்த விகிதத்தில்தான் குறைப்பு. 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 2.1 என்றால், மதிப்பும் அதே விகிதத்தில் இறங்கியது என்று ஒரு பேச்சுக்கு எடுத்தால், குறைவது பத்தாயிரம் யூரோ அளவுதான். அவரோ 42,000 யூரோவைப் பிடித்து வைத்திருக்கிறார். அவர் வேறு நஷ்டம் எதையும் காட்டவில்லை. பேச்சு எந்த எல்லைக்குள் நடக்க வேண்டும் என்பதற்கு இந்தக் கணக்கு போதும். மிக மோசமான நிலையிலும் முப்பதாயிரத்துக்கு மேல் உங்களுக்கு வர வேண்டும். அதற்குக் கீழே இறங்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், நடுவரிடம் போகலாம். மேலே எங்கே நிறுத்துவது என்பது உங்கள் மனசு. அந்த வியாபாரியோடு அடுத்த பருவமும் வியாபாரம் செய்ய விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் கணக்கில் சேருங்கள்.

மத்தியஸ்தத்தில் பேசுவது வெளியே போகாது, பின்னால் நடுவர் முன்னால் எடுத்துக் காட்டவும் கூடாது. ஆகவே "ஐயாயிரம் விடுகிறேன்" என்று அங்கே சொன்னால் அது ஒப்புக்கொண்டதாக ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் அதே வார்த்தையை இன்றைக்கு ராத்திரி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். அதற்கு இந்தப் பாதுகாப்பு உண்டா இல்லையா என்றே தனியாக ஒரு சண்டை போட வேண்டியிருக்கும்.

உடன்பாடு வந்தால் அதை எப்படி எழுதுவது என்பதில்தான் அனுபவம் உள்ளவர்களும் சறுக்குகிறார்கள். மத்தியஸ்தத்தில் எழுதும் உடன்பாடு தன்னளவில் இன்னொரு ஒப்பந்தம் மட்டுமே. அதையும் அவர் மீறினால்? நடுவர் தீர்ப்புக்கு நியூயார்க் உடன்படிக்கை இருப்பதுபோல், மத்தியஸ்த உடன்பாட்டுக்குச் சிங்கப்பூர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 7 அன்று 46 நாடுகள் கையெழுத்திட்டன, இந்தியாவும் அதில் ஒன்று. ஆனால் கையெழுத்தோடு நிற்கிறது, ஏற்புறுதி செய்யவில்லை. ஜெர்மனி கையெழுத்தே போடவில்லை. ஆகவே உங்களுக்கு அது இப்போது கைகொடுக்காது.

இதற்கு இரண்டு வழி உண்டு. தொகை பேசி முடித்த அன்றே வங்கி மூலம் பணம் வந்துவிடுகிறது என்றால் வேறு எதுவும் வேண்டாம், கையெழுத்தும் பணமும் ஒன்றாக நடக்கட்டும். தவணை என்று அவர் சொன்னால் அப்படி விடாதீர்கள். 30 நாள் முடிந்ததும் சிங்கப்பூர் மையத்தில் நடுவர் வழக்கைத் தொடங்கிவிட்டு, அதை நிறுத்தி வைத்து, அங்கேயே உள்ள சிங்கப்பூர் சர்வதேச மத்தியஸ்த மையத்தில் பேச்சைத் தொடரலாம். இரண்டு மையமும் சேர்ந்தே இப்படி ஒரு நடைமுறை வைத்திருக்கின்றன, மத்தியஸ்தத்துக்கு எட்டு வாரம். முடிவு வந்தால் அதை நடுவரிடம் கொடுத்து, இருவரும் ஒத்துக்கொண்ட தீர்ப்பு என்று எழுதி வாங்கிவிடலாம். அப்போது அதற்கு நடுவர் தீர்ப்பின் பலம் வந்துவிடும். ஒரு தவணை தவறினாலும் ஹாம்பர்க் கோர்ட்டுக்கு அதை எடுத்துக்கொண்டு போகலாம். முடிவு வராவிட்டால் வழக்கு நின்ற இடத்திலிருந்து தொடரும்.

செலவு பற்றிக் கேட்டிருந்தீர்கள். மறைக்காமல் சொல்கிறேன், 42,000 யூரோ தொகைக்கு முழு அளவில் நடுவர் விசாரணை என்பது வலிக்கும். மையத்துக்கு ஒரு கட்டணம், நடுவருக்கு ஒரு கட்டணம், வக்கீலுக்கு வேறு. ஆனால் அங்கே 2025 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய விதிகளில், பத்து லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு உட்பட்ட வழக்குகளுக்கு என்றே ஒரு எளிய நடைமுறை வைத்திருக்கிறார்கள். ஒரே நடுவர், பெரும்பாலும் காகிதத்தை வைத்தே முடிவு, நடுவர் அமர்ந்து மூன்று மாதத்தில் தீர்ப்பு, கட்டணத்துக்கும் உச்சவரம்பு. உங்கள் வழக்கு அதற்குள் வரும். உத்தேசக் கட்டணம் எவ்வளவு என்று மையத்தின் இணையதளத்திலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்புறம், சிங்கப்பூர் என்று இருப்பதால் விமானம் ஏற வேண்டுமோ என்று மதினி கவலைப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். சிங்கப்பூர் என்பது எந்த நாட்டு நீதிமன்றத்தின் மேற்பார்வையில் நடக்கிறது என்பதைக் குறிக்கும் இடம். விசாரணை இருந்தாலும் வீடியோவில் நடத்தலாம், பாளையங்கோட்டையில் என் ஆபீசில் உட்கார்ந்தே சாட்சி சொல்லலாம்.

காலக்கெடுவை மறக்காதீர்கள். நம் சட்டப்படி பணம் வர வேண்டிய நாளிலிருந்து மூன்று வருடம். ஜெர்மன் சட்டப்படி பொதுவாக அந்த வருடக் கடைசியிலிருந்து மூன்று வருடம். எது முன்னால் முடிகிறதோ அதையே உங்கள் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். "பேசிக்கொண்டுதானே இருக்கிறோம்" என்பதற்காக நம் சட்டத்தில் கடிகாரம் நிற்காது.

இதற்கிடையில் உங்கள் வங்கி மேனேஜரைப் போய்ப் பாருங்கள். ஏற்றுமதிப் பணம் ரிசர்வ் வங்கி குறித்த காலத்துக்குள் வந்து சேர வேண்டும், தகராறு நடக்கிறது என்று எழுதிக் கொடுத்து நீட்டிப்புக் கேளுங்கள். மத்தியஸ்தத்தில் தொகையைக் குறைக்க ஒத்துக்கொள்வதாக இருந்தால் அதற்கும் வங்கி வழியாகத்தான் அனுமதி. இதைச் செய்யாமல் கையெழுத்துப் போட்டுவிட்டு அந்நியச் செலாவணிக் கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இ.சி.ஜி.சி. (ஏற்றுமதிப் பணம் வராமல் போனால் ஈடு தரும் அரசு இன்சூரன்ஸ் கம்பெனி) பாலிசி இருக்கிறது என்றீர்கள். தரத் தகராறு என்று எதிராளி சொன்னால், அது தீரும்வரை பொதுவாக அவர்கள் கிளெய்ம் தர மாட்டார்கள், என்றாலும் தகவலை உரிய நாளுக்குள் கொடுத்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று. ஏற்றும்போது ஒவ்வொரு கண்டெய்னருக்கும் ஒரு பை வீதம் மூன்று சாம்பிள் பை, ஏஜென்ட் கையெழுத்தோடு சீல் வைத்துக் குடோனில் கிடக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். இந்த வழக்கில் அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. இருவரும் ஒத்துக்கொண்ட மூன்றாவது ஆய்வுக்கூடத்தில், ஒரே முறையில், இருதரப்பு ஆள் முன்னிலையில் அந்தப் பைகளைத்தான் பிரிக்க வேண்டும். சந்தேகமாக இருக்கிறது, ஒன்றைப் பிரித்து நாமே பார்த்துவிடுவோமே என்று மச்சினன் சொல்லுவார், விடாதீர்கள். இன்றைக்கே மூன்றையும் சீல் தெரியும்படி தேதியோடு போட்டோ எடுத்து, குடோனிலிருந்து எடுத்து வீட்டில் ஈரம் ஏறாத அறையில், தரையில் படாமல் பலகை மேல் வைத்துப் பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.